டவுனை இடிக்கச் சொல்ற மகராசன்களுக்கு

வேணாம் வேணாம்னு அடக்கிட்டுதான் இருந்தேன், முடியல. எந்த வீடியோன்னு தனியா சொல்லத் தேவையில்ல, ஆளாளுக்கு என்னை டேக் பண்ணி "ப்ரோ உங்க ஏரியா"ன்னு சிரிக்கிற ஸ்மைலி வேற போட்டுட்டீங்க. வீடியோ போட்ட தம்பி நம்ம டவுன்ல, அதான் சென்னை ஜார்ஜ் டவுன்ல, தங்கசாலைத் தெருவுல நின்னு ஜிலேபி சாப்பிடுறார், முறுக்கு சாண்ட்விச் சாப்பிடுறார், லஸ்ஸி குடிக்கிறார், எல்லாத்துக்கும் கண்ணை மூடி தலையை ஆட்டுறார், கடைசியா கேமராவைப் பாத்து "சென்னைக்குள்ள ஒரு மினி ராஜஸ்தான், ஃபுட்டு வேற லெவல், ஆனா ஏரியா செம அழுக்கு, மொத்தமா இடிச்சிட்டு புதுசா கட்டணும்"ங்கறார். தின்னு முடிச்ச தட்டை எங்க போட்டார்னு வீடியோவுல காட்டல. அதுக்கு கீழ கமெண்ட்ல ஒரு கூட்டம் புல்டோசர் படம் போட்டு விளையாடுது.

சரி, நிதானமாவே பேசுவோம். டவுன் கடை நடக்கற இடம். ஜனங்க மூட்டை தூக்கி, கணக்கு எழுதி, தள்ளுவண்டி தள்ளிப் பொழைக்கிற இடம். அது உங்க சாப்பாட்டு டூருக்குப் போட்ட செட்டும் இல்ல, நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டு தாண்டிப் போற குப்பைமேடும் இல்ல. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. ஆனா இதோட நிறுத்த மாட்டேன், கோவம் இன்னும் இருக்கு.

மினி ராஜஸ்தானா? நீ ஜிலேபி தின்ன அதே தங்கசாலைத் தெருவுலதான் ஏகாம்பரேஸ்வரர் கோயில் இருக்கு, 17ஆம் நூற்றாண்டுக் கோயில், கேமராவைக் கொஞ்சம் திருப்பியிருந்தா கோபுரம் தெரிஞ்சிருக்கும். ராசப்ப செட்டித் தெருவுக்குப் போனா கந்தகோட்டம் முருகன் கோயில், வள்ளலார் சின்ன வயசுல நின்னு பாடின சன்னதி, அவரு வளர்ந்ததே ஏழுகிணறு வீராசாமித் தெருவுலதான். கொத்தவால்சாவடி பக்கம் தெலுங்கு பேசற கோமுட்டி செட்டியாருங்களோட கன்னிகாபரமேஸ்வரி கோயில். அர்மேனியன் தெருவுல 1772ல கட்டின அர்மேனியன் சர்ச். அர்மேனிய மொழியிலயே உலகத்துல முதல்ல வந்த பத்திரிகை 1794ல இந்த மெட்ராஸ்லதான் அச்சாச்சு, அந்த சர்ச்சுப் பாதிரியார்தான் போட்டார். சைதாப்பேட்டையில ஆத்துக்கு முதல்ல பாலம் கட்டினது யாருன்னு நினைக்கிறீங்க, உஸ்கான்ங்கற அர்மேனிய வியாபாரி, 1726ல, கைக்காசைப் போட்டு. பவளக்காரத் தெருவுல யூத வியாபாரிங்க பவளம் வித்திருக்காங்க, பின்னாடி அதே தெருவுல நகரத்தாருங்க வந்து உக்காந்தாங்க. மண்ணடி முஸ்லிம்கள், பர்மாவுல இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்களுக்காக 1969ல வந்த பர்மா பஜார், அதுக்குப் பக்கத்துல தள்ளுவண்டியில அத்தோ, பர்மா நூடுல்ஸ். குஜராத்தி, மார்வாடி ஆளுங்களும் இந்த வரிசையில ஒருத்தருதான், தலைமுறை தலைமுறையா இருக்காங்க, அந்த வீட்டுப் பசங்க பேசற மெட்ராஸ் பாஷை வீடியோ தம்பிக்கு வராது.

உடனே "ஓ எல்லாரும் ஒத்துமையா கைகோத்து வாழ்ந்தாங்களாக்கும்"னு கிளம்பாதீங்க. நான் அப்படி சொல்லவே இல்ல. வலங்கை இடங்கைன்னு சாதி சாதியா பிரிஞ்சு அடிச்சிக்கிட்ட ஊர் இது. 1707ல கவர்னர் தாமஸ் பிட் காலத்துல சண்டை முத்திப்போய், வலங்கைக்காரங்க பெத்தநாய்க்கன்பேட்டை, இடங்கைக்காரங்க முத்தியால்பேட்டைன்னு ஊரையே ரெண்டாப் பிரிச்சு உக்கார வெக்கப் பாத்தாங்க. நடுவுல ஓடின பள்ளத்தைத் தூர்த்து போப்பாம்ங்கற வக்கீல் போட்டதுதான் பிராட்வே, இப்ப பிரகாசம் சாலை. அடிச்சிக்கிட்டாங்க, வியாபாரமும் பண்ணாங்க. ரெண்டுமே நடந்துச்சு.

இப்ப இந்த "இடிக்கணும்" மேட்டருக்கு வருவோம். தம்பி ஏதோ புது ஐடியா கண்டுபிடிச்ச மாதிரி பேசறார். டவுனை ஏற்கெனவே ஒரு தடவை இடிச்சாச்சு சாமி. இப்ப ஹைகோர்ட் நிக்குதே, அந்த இடத்துலதான் நம்ம ஜனங்க குடியிருந்த முதல் கருப்பர் நகரம் இருந்துச்சு, ஜார்ஜ் கோட்டைச் சுவருக்கு ஒட்டினாப்ல. 1746ல பிரெஞ்சுக்காரன் கோட்டையைப் பிடிச்சான், 1749ல திருப்பிக் குடுத்தான், அவன் இடிச்சது போக மிச்சத்தை வெள்ளைக்காரனே இடிச்சான், ஏன்னா எதிரி வீட்டு மறைவுல ஒளிஞ்சு சுட்டுருவானாம், பீரங்கி சுடறதுக்கு முன்னாடி வெட்டவெளியா இருக்கணுமாம். ஊருக்கே பெரிய கோயிலா இருந்த பட்டணம் கோயிலையும் 1757ல இடிச்சுட்டான். அப்புறம் மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்ன நின்னு பூக்கடைப் பக்கம் சென்னகேசவர், சென்னமல்லீஸ்வரர்னு ரெண்டு கோயிலா கட்டினாங்க. இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாதுன்னு 1773ல ஆறு தூண் நட்டான், அதுல ஒண்ணு இன்னைக்கும் பாரிமுனையில டேர் ஹவுஸ் கட்டடத்து ஓரமா நிக்குது, பஸ்ஸுக்கு நிக்கறவங்க யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஆகமொத்தம் இப்ப நீ பாக்கற டவுனே விரட்டப்பட்ட ஜனங்க தள்ளி வந்து கட்டின டவுன். 1906ல இளவரசர் ஜார்ஜ் வந்துட்டுப் போனார்னு ஜார்ஜ் டவுன்னு பேரை மாத்துனாங்க. அதே வருஷம் பீச் லைன்ல வெள்ளைக்காரன் நடத்தின அர்பத்நாட் கம்பெனிங்கற வங்கி திவாலாகி எத்தனையோ குடும்பத்தோட சேமிப்பு அதுல போச்சு, அந்த அடியிலதான் 1907ல இந்தியன் வங்கி பொறந்துச்சு. 1914ல ஜெர்மன்காரனோட எம்டன் போர்க்கப்பல் குண்டு போட்டப்ப பாதி ஊர் பயந்து ஓடிச்சு, அப்புறம் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினாங்க.

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுதுன்னு கேட்டா, எங்க அக்கா கல்யாணத்தைத்தான் சொல்லணும். பொண்ணு பாக்க வந்தாங்க, தென்சென்னையில நல்ல ஏரியா, பேரு சொல்ல வேணாம். நாங்க ஏழுகிணறு பக்கம் பல குடித்தனம் இருக்கற ஒரு ஸ்டோர் வீட்டுல இருந்தோம், வாசல்ல மாடு, எதிர்ல லோடு இறக்கற லாரி. ஆட்டோக்காரர் உள்ள வரமாட்டேன்னுட்டார், தெருமுனையில இருந்து நடந்து வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா உள்ள வந்து உக்காந்ததுல இருந்து கர்சீப்பை மூக்குல இருந்து எடுக்கவே இல்ல. "இங்கயாங்க இருக்கீங்க"ன்னு கேட்டாங்க. எங்கம்மா காபி டம்ளரை வெச்சிட்டு உள்ள போனவங்க அவங்க கிளம்பற வரைக்கும் வெளிய வரல.

அந்த சம்பந்தம் அமைஞ்சிடுச்சு, அதுதான் கூத்து. அதுக்கப்புறம் அதே அம்மா மாசக்கணக்குல டவுன்லதான் குடியிருந்தாங்க. பத்திரிகை ஆண்டர்சன் தெரு, "உங்கப்பாதான் அங்க வேலை பாக்கறாரே, ஹோல்சேல்ல போட்டுக் குடுக்கச் சொல்லு". நகை என்எஸ்சி போஸ் ரோடு. உறவுக்கு எடுக்கற துணியெல்லாம் கோடவுன் தெரு. தாம்பூலப் பை காசிச் செட்டித் தெரு. முந்திரி திராட்சை கோவிந்தப்ப நாய்க்கன் தெரு. அப்ப மட்டும் கர்சீப் எங்க போச்சுன்னு தெரியல.

எல்லாரும் அந்த அம்மா மாதிரிதான். கல்யாணம், தீபாவளி, ஸ்கூல் திறக்கற சீசன், வீடு கட்ட போல்ட்டு நட்டு, கண்ணாடி, நாட்டு மருந்து எல்லாத்துக்கும் டவுன். உங்க தெருமுனைக் கடைக்காரர் எங்க போய் சரக்கு எடுத்துட்டு வர்றார்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. வேலை முடிஞ்சதும் அழுக்கு, நெரிசல், இடிக்கணும்.

"குப்பை இருக்கறது உண்மைதானே"ம்பீங்க. இருக்கு. வாரத்துக்கு மாநகராட்சி இருக்கு, அங்க போய்க் கேளுங்க, மூட்டை தூக்கறவரைப் பாத்து மூஞ்சியைச் சுளிக்காதீங்க. "தீப்பிடிச்சா ஃபயர் இன்ஜின் போகுமா"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், அது நியாயமான கேள்வி, ஒத்துக்கறேன், வயரு தொங்கறதைப் பாத்தா எனக்கே பயமாத்தான் இருக்கும். அதுக்கு வயரை சரிபண்ணணும், குடோனுக்கு ரூல் போடணும். ஊரையா இடிப்பீங்க?

"மார்க்கெட்டை ஊருக்கு வெளிய மாத்தலாமே"ங்கற அறிவாளிகளுக்கு: மாத்தியாச்சே. 1996ல கொத்தவால்சாவடி காய்கறியை கோயம்பேட்டுக்குக் கொண்டு போனாங்க. நெரிசல் குறைஞ்சுதா? காலியான இடத்துல வேற சரக்கு வந்து உக்காந்துச்சு. காய்கறிக் கூடை தூக்கிட்டு இருந்த பெரியவங்கள்ல எத்தனை பேரால விடியக்காலம் அவ்வளவு தூரம் போக முடிஞ்சுதுன்னு எவனும் கணக்கு எடுக்கல.

இன்னொரு கோஷ்டி, ஹெரிட்டேஜ் வாக் கோஷ்டி. அவங்க மேல எனக்குப் பெரிய கோவம் இல்ல, பச்சையப்பன் ஹால் தூணைப் பாத்து கிரேக்கக் கோயில் மாதிரி இருக்குன்னு ஃபோட்டோ எடுப்பாங்க, எடுத்துக்கட்டும். ஆனா கோகலே ஹாலைப் பாதி இடிச்சப்ப எத்தனை பேரு தெருவுக்கு வந்தாங்க? அன்னி பெசன்ட் கட்டினது, சுயாட்சி கேட்டு ஹோம் ரூல் கூட்டமெல்லாம் நடந்த இடம். அதோட, ஃபோட்டோவுக்குக் குறுக்க கைவண்டி வந்தா "அண்ணா கொஞ்சம் தள்ளிக்கோங்க"ன்னு சொல்ற அந்தத் தொனி இருக்கு பாருங்க. அவரு வேலை நேரம் அது. நீங்கதான் தள்ளணும்.

கடைசியா, நேத்து ஒரு நண்பர் (நண்பர்தான், இன்னும் பிளாக் பண்ணல) "இவ்வளவு பாசம் இருக்கற நீ ஏன் மேடவாக்கத்துல இருக்க"ன்னு கேட்டிருந்தார். சாமர்த்தியமான கேள்விதான். ஏன்னா வீட்டை வித்துட்டாங்க. எங்க ஸ்டோர்ல இருந்த அத்தனை குடித்தனத்தையும் காலி பண்ணச் சொல்லி, சுவரை உடைச்சு, பிளாஸ்டிக் சாமான் குடோன் ஆக்கிட்டாங்க. அப்பா அட்வான்ஸைத் திருப்பி வாங்கறதுக்கு நடையா நடந்தார். உடனே "பாத்தியா, சேட்டுங்க விரட்டிட்டாங்க"ன்னு இன்பாக்ஸ்ல வராதீங்க. வித்தது நம்ம ஆளு, சுத்தத் தமிழர், கார்த்திகைக்குப் பொரி உருண்டை குடுத்து அனுப்புவார். வாங்கினதும் தமிழர்தான். அப்பாவுக்கு கடைசி வரைக்கும் சம்பளம் ஒண்ணாந்தேதி தவறாம குடுத்த முதலாளிதான் குஜராத்தி. இதுல யாரை வில்லன் ஆக்கறதுன்னு உங்களுக்குக் குழப்பமா இருந்தா நல்லா குழம்புங்க.

அப்பா மேடவாக்கத்துல இருந்து பஸ் மாறி பஸ் மாறி ரிட்டயர் ஆகற வரைக்கும் ஆண்டர்சன் தெருவுக்குத்தான் போனார். பக்கத்துல ஏதாவது கடையில கணக்கு எழுதலாமேன்னா, "இங்க யாரைத் தெரியும் எனக்கு"ம்பார். நான் போகலன்னா என்ன, ஊர் ஓடிட்டுதான் இருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனா ஓடற ஊரை அழுக்குன்னு ஒருத்தன் வியூஸுக்காக சொல்லிட்டுப் போறதை லைக் போட்டு ரசிக்கறதுக்கு எனக்கு மனசு வரல, அவ்வளவுதான்.

வர்ற சனிக்கிழமை பொண்ணுக்கு சார்ட் பேப்பர், நோட்டு வாங்க போறேன். வர்றவங்க சொல்லுங்க, மண்ணடி மெட்ரோல இறங்கி நடந்துடலாம். காரை எடுத்துட்டு வந்துட்டு பார்க்கிங் இல்லன்னு என்கிட்ட அழக்கூடாது. அத்தோ என் செலவு, லஸ்ஸி உங்க செலவு.