படித்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே திரும்ப வழி வேண்டும்

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ்களுக்கு முதுகலைப் படிப்பு எதற்கு என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். 11 வருடமாக அந்த வேலையில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில், வீட்டுக்கே போய் மருந்தும் சிகிச்சையும் தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களை நாங்கள்தான் தொடர்ந்து பார்க்கிறோம். மாத்திரை கொடுப்பது சுலபம். சர்க்கரை அளவு ஏன் இறங்கவில்லை, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா, யாரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று கணிக்கத்தான் படிப்பு வேண்டும்.

எம்.எஸ்சி. நர்சிங்கில் கம்யூனிட்டி ஹெல்த் (சமூக சுகாதாரம்) என்று 2 வருடப் பிரிவு இருக்கிறது. சரி, முடித்தவர்கள் எங்கே? எனக்குத் தெரிந்த எல்லோரும் கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டார்கள். தீவிர சிகிச்சைக்கென்று இந்திய நர்சிங் கவுன்சில் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை, அதாவது நோயாளியைப் பரிசோதித்து சிகிச்சையில் கூடுதல் பொறுப்பு எடுக்க நர்ஸைத் தயார்படுத்தும் முதுகலைப் படிப்பைக் கொண்டுவந்தது. பெரும்பகுதி நோயாளியின் பக்கத்தில் நின்று கற்பது. அதே மாதிரி கிராமத்து நிலையங்களுக்கும் வரட்டும். அப்புறம், சம்பளத்தோடு விடுப்பும் வேண்டும். நான் இரண்டு முறை விண்ணப்பம் வாங்கினேன். வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் நினைத்து, நிரப்பாமலே வைத்துவிட்டேன்.