ஒரே ஃபங்ஷனுக்குள் மூன்று வகை ஃபார்மேட்டா?

பைத்தானில், மேற்கோளுக்குள்ளேயே மதிப்புகளை வைத்து எழுதும் எஃப்-ஸ்ட்ரிங் வந்தது 2016 டிசம்பரில், 3.6 பதிப்போடு. இன்னமும் கூட்டல் குறி போட்டு வாக்கியம் கட்டுகிறவர்களை என்னதான் செய்வது? பெயர், கூட்டல், மேற்கோளுக்குள் ஒரு காலியிடம், மறுபடி கூட்டல், அடுத்தது எண் என்பதால் அதை எழுத்தாக மாற்ற, சுற்றி ஒரு எஸ்டிஆர். ஓரிடத்தில் அந்த எஸ்டிஆர் விட்டுப்போனால் டைப்எரர். அதுவும் எங்கே விட்டுப்போகும்? எப்போதாவது ஒருமுறை ஓடும் எரர் மெசேஜில்தான். சொல்ல வந்த பிழையைச் சொல்லாமல் புதுப் பிழை ஒன்று வந்து நிற்கும்.

அதற்கு அடுத்த வரியில் அதே வேலைக்குச் சதவீதக் குறி. அதற்கும் கீழே டாட் ஃபார்மேட். பல கை பட்ட கோட் போலிருக்கிறது என்று, எந்த வரி யாருடையது எனக் காட்டும் கிட் ப்ளேம் பார்த்தால், மூன்றும் ஒரே ஆள்!

சரி, எல்லாவற்றையும் எஃப்-ஸ்ட்ரிங்காக மாற்றுங்கள் என்று சொன்னால் போதும், அப்புறம் பிடிக்க முடியாது. டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்க்யூஎல் குவெரியைக்கூட விடுவதில்லை. ஐயா, அங்கே இருந்த சதவீதக் குறி பைத்தான் ஃபார்மேட்டே இல்லை. டேட்டாபேஸ் டிரைவர் மதிப்பை வைக்க வேண்டிய இடம் அது. பயனர் தட்டியதை அப்படியே குவெரிக்குள் சொருகுவது, அவர் தட்டியதே கட்டளையாகிவிடும் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

கோட் ஓடும்போது நடப்பதைக் குறித்து வைக்கும் லாகிங்கிலும் இதே கூத்துதான். அங்கே சதவீதக் குறி போட்டு மதிப்புகளைத் தனியாகக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிழை தேடும்போது மட்டும் வேண்டிய டிபக் லெவல் அணைந்திருந்தால் அந்த வாக்கியம் கட்டப்படவே படாது. எஃப்-ஸ்ட்ரிங் போட்டால், யாரும் படிக்கப் போகாத வரியையும் முழுதாகக் கட்டிவிட்டுத்தான் தூக்கிப் போடும். லூப்புக்குள் பெரிய பெரிய ஆப்ஜெக்டுகளை இப்படி அச்சிட்டுவிட்டு, "ஸ்லோவாக இருக்கிறதே" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

மேற்கோள் பஞ்சாயத்து வேறு. இரட்டை மேற்கோள் போட்ட எஃப்-ஸ்ட்ரிங்குக்குள் டிக்‌ஷனரி கீயையும் இரட்டை மேற்கோளிலேயே எழுத முடிவது 3.12 முதல்தான். லேப்டாப்பில் 3.12, சர்வரில் 3.10. ஃபைல் இம்போர்ட்டே ஆகாமல் சின்டாக்ஸ்எரர். கேட்டால், "என் மெஷினில் ஓடுகிறதே!"

கோடைப் படித்துத் தப்பைச் சுட்டும் ரஃப் லின்டரில் லாகிங்குக்கு ஜி004, குவெரிக்கு எஸ்608 என்று விதிகளே இருக்கின்றன. வாய் வலிக்கச் சொல்வதைவிட அதுவே சொல்லட்டும் என்று இரண்டையும் ஆன் செய்து வைத்தேன். அடுத்த ரிவ்யூவில் லின்டர் சத்தமே இல்லை. திறந்து பார்த்தால், அதே எஃப்-ஸ்ட்ரிங், அதே குவெரி, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், இதைக் கண்டுகொள்ளாதே என்று லின்டரிடம் சொல்லும் நோக்யூஏ கமெண்ட்.