அந்த மூன்றாவது கேள்வியை முதலில் தூக்கு

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் எல்ஜிபிடி, அதாவது தன்பால் ஈர்ப்புள்ள, திருநர் மாணவர்களுக்கு ஆதரவாக ஒரு புராஜெக்ட் செய்யப் போகிறாளாம். திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி "சித்தி, படிச்சுட்டு சொல்லுங்க" என்றாள். வானவில் போஸ்டர், அசெம்பிளியில் பேச ஒரு விருந்தினர், சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ், இதற்கெல்லாம் முன்னால் ஒரு கூகுள் ஃபார்ம். அதில் மூன்றாவது கேள்வி: "நீங்கள் எல்ஜிபிடி பிரிவைச் சேர்ந்தவரா?"

மற்றதை அப்புறம் பார்க்கலாம், அந்தக் கேள்வியைத் தூக்கு என்றேன். "பேரே கேட்கலையே சித்தி" என்கிறாள். பேர் கேட்காவிட்டால் என்ன, பள்ளி கொடுத்த மெயில் ஐடியில் ஃபார்ம் போட்டால் செட்டிங்கில் ஒரு டிக் போதும், யார் யார் நிரப்பினார்கள் என்று வரிசையாக வந்து நிற்கும். அது இல்லாவிட்டாலும் வகுப்பு, செக்‌ஷன், ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டாலே ஆளைக் கண்டுபிடிக்க ஒரு இன்டர்வெல் நேரம் போதாதா? ஒரு டீச்சர் நல்லெண்ணத்திலேயே வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையின் நிலைமை அன்று சாயங்காலமே மாறிவிடும். போனைப் பிடுங்குவார்கள், சிநேகிதர்களை வெட்டிவிடுவார்கள், "சரி செய்ய" டாக்டரிடமோ சாமியாரிடமோ கூட்டிப் போவார்கள். அப்படி மாற்றுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது. பாதிப் பெற்றோருக்கு அது தெரியாது, மீதிப் பேருக்குத் தெரிந்தாலும் கேட்க மாட்டார்கள்.

யார் என்று தெரியாமல் எப்படி உதவுவது என்று கேட்டாள். யார் என்று தெரியவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பள்ளியில் அடி வாங்குகிறவன் தன்பால் ஈர்ப்புள்ளவனா என்று விசாரித்துவிட்டா அடிக்கிறார்கள்? நடையைப் பார்க்கிறார்கள், குரலைக் கேட்கிறார்கள், பிடி பீரியடில் ஓடும் விதத்தைப் பார்த்து "ஒம்போது" என்கிறார்கள். அவனுக்கே தான் யார் என்று தெரியாத வயது அது. முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட பெண்ணுக்கு வேறு மாதிரிக் கேலி. பாத்ரூம் பக்கம் போகப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு, எந்தத் திருநங்கையிடமாவது அவர்களுடைய பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இதைப் பற்றி யுனெஸ்கோ ஓர் ஆய்வே செய்திருக்கிறது, சென்னையில் எல்ஜிபிடி மக்களுக்காக வேலை செய்யும் சகோதரன் அமைப்போடு சேர்ந்து. அதில் பதில் சொன்ன எல்ஜிபிடி இளைஞர்களில், நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி உதை பட்டதாகச் சொன்னவர்கள் 60 சதவீதம். பள்ளி நிர்வாகத்திடம் புகார் சொன்னவர்களோ வெறும் 18 சதவீதம்தான். அதைவிட எனக்கு எரிச்சலூட்டியது அடுத்த எண்: புகார் சொன்னவர்களில் 29 சதவீதம் பேரிடம் "நீ உன் நடையை, உடையை மாத்திக்கோ" என்றிருக்கிறார்கள். அடித்தவனிடம் ஒன்றும் இல்லை, அடி வாங்கினவன் மாற வேண்டுமாம்!

அதனால்தான் அவளிடம் சொன்னேன், உன் புராஜெக்ட் மாணவர்களிடம் தொடங்கக் கூடாது, டீச்சர்களிடம் தொடங்க வேண்டும். பேட்ஜையும் அவர்களே குத்திக்கொள்ளட்டும், ஆனால் பிள்ளை நம்பிச் சொன்னதை ஸ்டாஃப் ரூமில் போட்டு உடைக்காத டீச்சராக இருந்தால் மட்டும். இன்டர்வெல் நேரத்தில் பாத்ரூம் வாசலில் ஒரு ஆசிரியர் நிற்கட்டும். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற மாதிரி தனி பாத்ரூம் ஒன்று, யாரிடமும் காரணம் சொல்லாமல் யாரும் போகிற மாதிரி இருக்கட்டும். புகார்ப் பெட்டி அவர்கள் பள்ளியில் இருக்கிறதாம், எங்கே? பிரின்சிபால் அறை வாசலில், சிசிடிவிக்கு நேர் கீழே. யார் போடுவார்கள் அதில்? அதை லைப்ரரிக்குள் மாற்றுவதற்கு நிதி கூட வேண்டாம்.

அசெம்பிளி பேச்சில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஒரு திருநங்கையை அழைத்து வந்து வெயிலில் நிற்கும் ஆயிரம் பிள்ளைகள் முன்னால் தன் வாழ்க்கைக் கஷ்டத்தை எல்லாம் சொல்ல வைப்போம், நாலு பேர் அழுவார்கள், மறுநாள் அதே பையனை அதே மூலையில் நிறுத்திக் கேலி செய்வார்கள். அவரைப் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பேச வையுங்கள், காபி கொடுங்கள், அவருடைய நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.

"பெற்றோர் சண்டைக்கு வந்தா?" நியாயமான கேள்வி. பள்ளிப் பாடப்புத்தகம் போடும் என்சிஇஆர்டியே 2021 நவம்பரில் திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு போட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. மத்திய அரசு நிறுவனமே பின்வாங்கும் இடத்தில் பதினாறு வயசுப் பெண்ணைத் தனியாக நிற்க வைக்க முடியாது. ஆனால் நம் கையில் வேறு ஒன்று இருக்கிறது. அதே வருடம் ஜூன் 7-ம் தேதி, காதலித்து, சேர்ந்து வாழ மதுரையிலிருந்து வந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு. பள்ளி, கல்லூரிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் பெற்றோருக்குப் புரிய வைப்பது, பாலினப் பாகுபாடு இல்லாத கழிப்பறை, சேர்க்கை விண்ணப்பத்தில் ஆண், பெண்ணோடு திருநருக்கும் தனிக் கட்டம், இந்தப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர் என்று அதில் எல்லாம் இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் பிரின்ட் எடுத்து உன் திட்டத்தோடு பின் அடித்துக் கொடு, "நான் கேட்கலை சார், கோர்ட்டு சொல்லியிருக்கு" என்று சொல் என்றேன். சிரித்தாள், ஆனால் பிரின்ட் எடுத்துவிட்டாள்.

தலைப்பையும் "கேலி இல்லாத வகுப்பு" என்று மாற்றியிருக்கிறாள். எல்ஜிபிடி என்று போடாதது கோழைத்தனம் என்று அவள் தோழி ஒருத்திக்குக் கோபமாம். கோபம் எனக்கும் புரிகிறது, உள்ளே அறிக்கையில் அந்த வார்த்தை தாராளமாக வரட்டும். நோட்டீஸ் போர்டில் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் பெயர் கொடுக்க எந்தப் பிள்ளைக்கும் கட்டாயம் வரக் கூடாது, அவ்வளவுதான்.

பிரின்சிபாலிடம் திங்கட்கிழமை கொடுக்கிறாள். நட்புப் பட்டியலில் இருக்கும் ஆசிரியர்கள் யாராவது உங்கள் பள்ளியில் இப்படி ஏதாவது செய்து பார்த்திருந்தால், எது நடந்தது எது நடக்கவில்லை என்று இன்பாக்ஸில் எழுதுங்கள், அவளுக்கு அனுப்புகிறேன். பிள்ளைகள் பெயர் வேண்டாம்.