ஃபார்மட் போட்டால் ஹார்ட் டிஸ்க் வேகமாகிவிடாது

சென்னையில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. ஆனால் மந்தமாகிப்போன கணினியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அது எதனால் மந்தமானது என்று பார்த்துச் சொல்லும் கடையைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" (டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றுவது) என்பார்கள், இல்லையென்றால் "பழைய மாடல், புதுசு எடுத்துடுங்க" என்பார்கள். சோதித்துப் பார்த்ததற்கான அடையாளமே இல்லாமல் கூலியை மட்டும் வாங்கிக்கொள்ளும் இந்த வழக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

என் தங்கை பெரம்பூரில் வீட்டிலிருந்தபடியே சிறு வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். மாதந்தோறும் கணக்குத் தாக்கலுக்குரிய 20-ஆம் தேதி நெருங்கும்போதெல்லாம் அவளுடைய மடிக்கணினி உயிரை வாங்கும். கடையில் ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் தேவலை என்றிருந்துவிட்டுப் பழையபடியே படுத்துக்கொண்டது. மறுபடியும் ஃபார்மட், மறுபடியும் கூலி. கடைசியில் "இது இனிமே தேறாதுக்கா" என்று கையை விரித்துவிட்டார்கள்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த அந்தக் கடையில் ஒருவருக்கும் நேரமில்லை. நான் அழுத்திப் பார்த்தேன். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் சி.பி.யு., அதாவது புராசசர், ஏறக்குறைய சும்மா இருந்தது. டிஸ்க் என்ற பத்தியோ 100 விழுக்காட்டில் ஏறி நின்று இறங்க மறுத்தது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு கொண்ட பழைய ஹார்ட் டிஸ்க்தான் உள்ளே இருந்தது. அதன் படிப்புமுனை ஒவ்வொரு கோப்பையும் தேடி நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருந்து படிக்க, ஒவ்வொரு தடவையும் பத்து மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. விண்டோஸ் தொடங்கும்போது படிக்க வேண்டிய சிறு கோப்புகளோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடக்கூடிய, சிப்புகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லாததால் இந்தக் காத்திருப்பு அநேகமாக மறைந்துபோகிறது. சாட்டா என்ற சாதாரண இணைப்பில் பொருத்தும் எஸ்.எஸ்.டி.கூட விநாடிக்குச் சுமார் 500 எம்.பி. படிக்கும். எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அந்தத் தட்டு ஒரு சுற்றுகூடக் கூடுதலாகச் சுற்றப்போவதில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே சொல்லாமல் விடுகிறார் என்பதுதான் என் ஆத்திரம்.

திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகமான ரேம் விஷயத்திலும் இதே அலட்சியம்தான். அந்தக் கணினியில் 4 ஜி.பி. மட்டுமே இருந்தது, அடிமூடியைக் கழற்றினால் பக்கத்திலேயே இன்னொரு ஸ்லாட் காலியாகக் கிடந்தது. ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் தள்ளும், அந்த டிஸ்க்கோ ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. பிறகு பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் நகருமா? காலி ஸ்லாட்டில் இன்னொரு ரேமைப் போட்டிருந்தால் பாதித் தொல்லை அன்றே தீர்ந்திருக்கும். (ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்து விற்கும் நிறுவனங்கள் இந்த வழியையும் அடைத்துவிடுகின்றன, வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனால் கிடைக்காத பாகம் இல்லை, ஆனால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போக வேண்டும், ரேமில் தலைமுறைகள் உண்டு: டி.டி.ஆர்.3 மடிக்கணினி ரேமுக்கு 204 பின், டி.டி.ஆர்.4-க்கு 260 பின், ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

விசிறியின் பின்னாலிருந்த வெப்பம் கடத்தும் தகடுகளில் தூசி கம்பளித் துணிபோலப் படிந்திருந்தது. சென்னை வெயிலில் காற்றுப்போக்கு அடைபட்டால் புராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் "ஃபுல் சர்வீஸ்" என்று பில் போட்டவர்கள் அந்த மூடியைக் கழற்றவே இல்லை என்பதற்கு அந்தத் தூசியே சாட்சி.

புதியது வாங்கியே ஆக வேண்டிய நிலையும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன புராசசர் வேண்டும். அதை எடுத்துச் சொல்லி, "ஆகையால் இதில் செலவு செய்யாதீர்கள்" என்று சொல்லும் கடைக்காரரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். தங்கையின் கணினி 8-ஆம் தலைமுறையைச் சேர்ந்தது. எஸ்.எஸ்.டி.யும் 8 ஜி.பி. ரேமும் போட்டுத் தூசியைத் தட்டியதும் அதே கணினியில் கணக்கை உரிய தேதிக்கு முன்பே முடித்துவிட்டாள். புதியதன் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எஸ்.எஸ்.டி. மாற்றிக் கொடுக்கும் சில கடைகளில் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். வியாபாரிகளின் பான் எண், வங்கிக் கணக்கு, வீட்டாரின் ஆதார் நகல், குழந்தைகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அது நம் பொருள். கையில் வாங்கிக்கொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.