மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடாதீர்கள்

கொச்சிக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் யூதர்களின் பரதேசி ஜெப ஆலயத்துக்குள் நுழைந்து, சீனாவிலிருந்து வந்த நீல ஓவியத் தரையோடுகளையும் தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் வியந்துவிட்டு, பக்கத்துக் கடையில் ஏலக்காய் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். 1568-இல் கட்டப்பட்ட அந்த ஆலயத்தின் அழகில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், அதை மட்டும் பார்ப்பவருக்குக் கேரள யூதர்களில் ஒரு சிறு பிரிவின் கதைதான் கிடைக்கிறது என்பது என் கருத்து.

பரதேசிகள் என்போர் ஸ்பெயின், போர்ச்சுகல் முதலிய நாடுகளிலிருந்து 16-ஆம் நூற்றாண்டு முதல் வந்து குடியேறியவர்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கொடுங்கல்லூர்ப் பகுதியில் வேரூன்றியிருந்த மலபாரி யூதர்களே எண்ணிக்கையிலும் அதிகம். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையையும் எழுபத்திரண்டு சிறப்புரிமைகளையும் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். பகல் விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை, காளம் (ஊதுகொம்பு), தோரணம் என்று நீளும் அந்த வட்டெழுத்து வாசகத்தைப் படித்துக் காட்டினால், நம் கல்வெட்டுகளில் பழகியவர்களுக்குப் பாதிக்கு மேல் விளங்கிவிடும். இரு பிரிவினரும் உரிமை கொண்டாடிய அந்தச் செப்பேடு பரதேசிகளின் ஆலயத்திலேயே பாதுகாக்கப்பட்டது.

அதே ஆலயத்தில், அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர்களுக்குச் சம இருக்கையும் சம வழிபாட்டு உரிமையும் மறுக்கப்பட்டன. அந்தப் பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் 20-ஆம் நூற்றாண்டில் அங்கே சத்தியாக்கிரகம் நடத்தியே அந்தப் பாகுபாட்டைத் தளர்த்த வேண்டியிருந்தது. இன்று ஜூ டவுன் தெருவுக்கு அவர் பெயர்தான். ஓடுகளின் விலையைச் சொல்லும் வழிகாட்டிகள் இதையும் சொல்லலாம். சாதியை நன்கறிந்த நமக்கு இது புரியாத செய்தியா என்ன?

ஆகவே வடக்கே போங்கள். எர்ணாகுளத்திலிருந்து பேருந்தில் வடக்கன் பறவூர் சென்று, அங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போய்விடலாம். சேந்தமங்கலம் ஆலயத்தின் முன் நிற்கும் சாரா என்ற பெண்ணின் கல்லறைக்கல் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழமையானதாக அதைக் கருதுகிறார்கள். பறவூர் ஆலயத்தில் படிப்புரை என்னும் வாயில் கட்டடத்தைக் கடந்து, கூரையிட்ட நீண்ட நடைவழியாகத்தான் தொழுகைக்கூடத்தை அடைய வேண்டும். கேரளத்துக் கோயிலோ, தறவாடு எனப்படும் பூர்வீக வீடோ என்று ஒரு கணம் தயங்கும்படி இருக்கிறது அந்தக் கட்டடம். உள்ளே யூதர்களின் மறைநூலான தோராவை வாசிக்கும் மேடைகள் இரண்டு. ஒன்று கூடத்தின் நடுவில் இருக்கிறது. மற்றொன்று மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால் இருக்கிறது. மாடியிலும் ஒரு மேடை அமைப்பது கேரள யூதர்களுக்கே உரிய வழக்கம்.

கேரள அரசு முசிறி மரபுத் திட்டத்தின் கீழ் இவ்விரண்டையும் சீரமைத்து அருங்காட்சியகங்களாக்கியிருப்பது பாராட்டத்தக்கது. ஆயினும் தோராச் சுருள்களை வைக்கும் பறவூரின் மூலப் பேழை இஸ்ரேலுக்குப் போய்விட்டதால் நாம் காண்பது நகலே. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஆலயத்துக்கு இந்த அளவு கவனிப்பும் வாய்க்கவில்லை. அதன் மர வேலைப்பாடுகள் ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்க, கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது.

யாரும் துரத்தாமலேயே 1950-களில் இச்சமூகத்தினர் பெருமளவில் இஸ்ரேல் சென்றார்கள். நெவாத்திம் போன்ற வேளாண் குடியிருப்புகளில் குடியேறிய பெண்கள், திருமண வீடுகளில் பாடிய மலையாளப் பாடல்களைக் கையெழுத்து நோட்டுகளில் எடுத்துச் சென்றிருந்தார்கள். அவற்றில் பல பிற்பாடு ஒலிப்பதிவும் செய்யப்பட்டிருக்கின்றன. விளக்கப் பலகைகள் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் பறவூர்க் கூடத்தில், மாடியிலிருந்து அந்தப் பாடல்களை ஒலிக்கவிடுவதற்கு அரசுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.