ஹாம்டிராமிக் டெட்ராய்ட்டின் பகுதியன்று
அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஹாம்டிராமிக், டெட்ராய்ட் மாநகரின் ஒரு பகுதி என்றும் 2013இல் அம்மாநகருடன் சேர்ந்தே திவாலானது என்றும் கூறப்படுவது சரியன்று. ஏறத்தாழ எல்லாப் பக்கமும் டெட்ராய்ட் சூழ்ந்திருப்பதால் வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆயினும் 1922 முதல் அது தனக்கென மேயரும் நகர்மன்றமும் கொண்ட தனி நகரம். 2013 ஜூலையில் திவால் மனு அளித்தது டெட்ராய்ட் மட்டுமே. நிதி நெருக்கடியில் இருந்த ஹாம்டிராமிக்குக்கு மிச்சிகன் மாநில அரசு, நகர நிதியைக் கவனிக்கும் அவசரகால மேலாளரை நியமித்தது; திவாலும் மேலாளர் நியமனமும் ஒன்றல்ல. போலந்திலிருந்து குடியேறியோரைப் பெருமளவில் ஈர்த்து, சிற்றூராக இருந்த இடத்தை 1930க்குள் 56,000க்கும் மேற்பட்டோர் வாழும் நகரமாக்கிய டாட்ஜ் கார்த் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது அந்நகரின் வருவாய்க்குப் பேரிடியாயிற்று என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2020 கணக்கெடுப்பில் அங்குள்ளோர் 28,433 பேர். அவர்களுள் ஏமன், வங்கதேச வம்சாவளியினர் கணிசமானோர்.