கிளியரன்ஸ் வேறு, அப்ரூவல் வேறு

“இந்த ஈசிஜி மென்பொருளை எஃப்டிஏ அப்ரூவ் பண்ணிடுச்சு, இனி டாக்டர் பார்க்கவே வேண்டாம்” என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அமெரிக்காவில் இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும், அங்குள்ள மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் 510-கே என்ற வழியாக வருபவை. ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு இணையானது என்று காட்டிப் பெறும் கிளியரன்ஸ் அது. அப்ரூவல் என்பது ஆபத்து அதிகமுள்ள மூன்றாம் வகுப்புக் கருவிகளுக்கான பிஎம்ஏ, அதாவது விற்பனைக்கு முந்தைய ஒப்புதல். விளம்பரக்காரர்களுக்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான்.

படிக்க வேண்டியது எஃப்டிஏ ஆவணத்தில் பயன்பாட்டு நோக்கம் என்ற பத்தியை: எத்தனை லீட் (இதயத்தின் மின்னலையைப் பதியும் கோணம்), எந்த வயது, எந்த இதயத் தாளக்கோளாறு என்று அதில் இருக்கும். 2018-இல் டி நோவோ வழியில், அதாவது இணையான முன்கருவி இல்லாத புதியவற்றுக்கான வழியில், வந்த ஆப்பிள் வாட்ச் ஈசிஜி ஒற்றை லீட், 22 வயது நிரம்பியவர்களுக்கு. மாரடைப்பை அது கண்டுபிடிக்காது.

இன்னொன்று, பதிவைச் சேமித்துக் காட்ட மட்டும் செய்யும் மென்பொருள் அமெரிக்காவின் 2016 க்யூர்ஸ் சட்டத்துக்குப் பின் மருத்துவக் கருவியே அல்ல. ஈசிஜி அலையை அலசி விளக்கம் சொல்லத் தொடங்கினால் கதை வேறு; அது மருத்துவக் கருவிதான்.